ஹாட் ராட் ஆசையா? முதலில் தகரத்தைப் படியுங்கள்

எஸ்பிஎம் தேர்வு முடிவு வெளியான சில நாள்களில் கெடாவில் சுங்கை பட்டாணிப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங் தோட்டங்களிலும் தாமான்களிலும் வளர்ந்த பிள்ளைகள். "தம்பிக்குக் காடின்னா உசுருண்ணே, எங்க சேக்கலாம்?" என்று அப்பா கேட்பார். தம்பி கைபேசியை நீட்டுவான். அதில் கூரையை வெட்டித் தாழ்த்திய 1932 ஃபோர்டு ஒன்று நிற்கும். பானெட் இல்லாத முன்பக்கத்தில் எட்டு சிலிண்டர் என்ஜின் பளபளக்கும். "இது மாதிரி செய்யணும் அங்கிள். எந்த என்ஜின் போடலாம்?" என்பான். அம்மாவின் கவலை வேறு. சான்றிதழில் டிப்ளோமா என்ற சொல் இருக்கவேண்டும், கையில் கரி படியக்கூடாது.

ஒருவர் வீடியோவைப் பார்த்து முடிவு செய்கிறார், இன்னொருவர் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து முடிவு செய்கிறார். பிள்ளையின் கைக்கு எது வரும் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆசையோடு சேர்ந்து ஆறே மாதத்தில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் வலித்துத்தான் இதை எழுதுகிறேன். பழைய இரும்புக் கார்களைப் புதுப்பிக்கவோ மாற்றிக் கட்டவோ ஆசைப்படுகிறவர்களுக்கு முன்னால் என்னென்ன வழிகள் உள்ளன, எதை எந்த வரிசையில் கற்கவேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

ஹாட் ராட் எங்கிருந்து வந்தது

பழைய காரை வெட்டித் திருத்தி வேகமாக்குவதுதான் ஹாட் ராட். 1930களில் தென் கலிபோர்னியாவில் வசதியில்லாத இளைஞர்கள் தொடங்கியது இது. 1908 முதல் 1927 வரை கோடிக்கு மேல் ஓடிவந்த ஃபோர்டு மாடல் டி, அதற்குப் பின் வந்த மாடல் ஏ ஆகியவை அங்கே மலிவாகக் கிடைத்தன. மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, என்ஜினைத் திருத்தி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 என்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொடுத்தபோது அந்தப் பொழுதுபோக்கு ஓர் இயக்கமாகியது. 1948 ஜனவரியில் ஹாட் ராட் என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் வந்தது.

அந்தக் கார்கள் எதனால் இத்தனை வெட்டலையும் ஒட்டலையும் தாங்கின? சுமையைத் தாங்க அடியில் தனிச் சேசிஸ் இருந்தது. அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய இரும்பு உடல் இருந்தது. உடலைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவரின் நிறுவனம் முழு இரும்பு உடல்களை அச்சில் அழுத்திச் செய்து 1914 முதல் டாட்ஜ் கார்களுக்குக் கொடுத்தது. ஆனால் எல்லா நிறுவனங்களும் உடனே அந்த வழிக்கு வந்துவிடவில்லை. செவ்ரோலெட் போன்ற கார்கள் 1930களின் நடுப்பகுதி வரையில் மரச்சட்டத்தின்மேல் தகரம் போர்த்தியே வந்தன. கெடாவின் ஈரத்திலும் கரையானிலும் அந்த மரம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். வெளியே கார் மாதிரி நிற்கும், கதவைத் திறந்தால் உள்ளே தூள்தான் இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே மரமா, இரும்பா?

நம் பக்கத்தில் கிடைக்கும் கார்கள்

மாடல் ஏ இங்கே அரிது. ஃபோர்டு நிறுவனம் 1926இலேயே சிங்கப்பூரில் ஃபோர்டு மலாயாவைத் தொடங்கியது, 1941இல் புக்கிட் தீமாவில் கார் பொருத்தும் தொழிற்சாலையையும் திறந்தது. அந்தக் காலத்துக் கார்களில் இன்று மிஞ்சியிருப்பவை சேகரிப்பாளர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. படிக்கிற பிள்ளையின் கைக்கு எட்டுவது நான்கு வகை.

ஃபோர்டு பிரிஃபெக்ட், ஆங்லியா: 1953க்கு முந்தைய மாதிரிகளுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. இங்கிலாந்தில் ஹாட் ராட் கட்டுகிறவர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபோர்டு பாப்புலரைத்தான் பெரிதும் நாடினார்கள். 1953இல் வந்த புதிய ஆங்லியாவும் பிரிஃபெக்ட்டும் பெயரில் அதே கார், அமைப்பில் வேறு கார். அவற்றுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பெயரைக் கேட்டு வாங்காமல் அடியில் குனிந்து பார்த்து வாங்குங்கள்.

மோரிஸ் மைனர்: 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைப்பில் வந்தது. தோட்டத்துக் கிராணி, பள்ளி ஆசிரியர், டவுன் டாக்டர் என்று ஒரு தலைமுறையே ஓட்டிய கார். பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இதில் உடலும் சேசிஸும் ஒன்றே. தளம், கதவடிப் பெட்டி, பின் வில்லைத் தாங்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகின்றன. கதவடி துருப்பிடித்த மைனர், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் முதுகெலும்பு உளுத்துப்போன காரே.

ஃபோல்க்ஸ்வேகன் பீட்டில்: உடலைத் தளத்திலிருந்து கழற்றலாம். என்ஜின் பின்னால் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம், கற்பதற்கு எளிது. ஆனால் விலை ஏறிவிட்டது.

பழைய லேண்ட் ரோவர்: தோட்டத்து மானேஜர்களின் வாகனம். போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் 1948 முதல் இதன் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. சேசிஸும் முன் தடுப்புச் சுவரும்தான் இரும்பு. இரும்புத் தகர வேலை கற்க இது உதவாது, சேசிஸ் வெல்டிங் கற்க நல்ல பள்ளி.

முதல் காருக்கு என் பரிந்துரை, ஓடாவிட்டாலும் உடல் முழுமையாக உள்ள மோரிஸ் மைனர். பணத்தை என்ஜின் ஓட்டத்துக்குக் கொடுக்காதீர்கள், உடலின் நலத்துக்குக் கொடுங்கள்.

ஐந்து கைத்தொழில்கள்

என்ஜின் ஃபோர்மன், நாக்கிங் எனும் தகர வேலை, ஸ்ப்ரே, வயரிங், குஷன். பழைய காரைக் கட்டி எழுப்ப இந்த ஐந்தும் வேண்டும். ஐந்தையும் ஒருவரே கரைகண்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றில் தேர்ந்து மற்ற நான்கைப் புரிந்துவைத்திருப்பவரே நல்ல கட்டுநர்.

ஃபோர்மன் வேலை எல்லாருக்கும் தெரிந்தது, அதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வயரிங் பொறுமையும் வரிசையாக யோசிக்கும் புத்தியும் உள்ளவர்களுக்கு ஏற்றது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அது தெரியாமல் இன்றைய வானொலியைப் பொருத்தினால் முதல் நிமிடத்திலேயே புகைந்துவிடும். குஷன் தைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டில் தையல் இயந்திரத்தோடு வளர்ந்த பிள்ளைகள் இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஸ்ப்ரே நல்ல வருமானம் தரும். ஆனால் இன்றைய இரண்டு கூட்டுச் சாயங்களின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் தொழிலையே விடவேண்டியிருக்கும். காற்று வழங்கும் முகமூடி இல்லாத கடையில் ஸ்ப்ரே பழகாதீர்கள்.

நாக்கிங்கைக் கடைசியில் சொல்கிறேன்.

என்ஜின் மாற்றும் மோகம்

பத்துப் பேர் வந்தால் அதில் பெரும்பாலோர் கேட்பது என்ஜின் மாற்றத்தைத்தான். மைனருக்கு டாட்சன் 120 ஒய்யின் என்ஜினா, டொயோட்டாவின் இரட்டைக் கேம் என்ஜினா, டர்போ வைக்கலாமா? செர்டாங்கில் நடக்கும் ஆர்ட் ஆஃப் ஸ்பீடு கண்காட்சிக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் இந்தக் காய்ச்சல் இன்னும் கூடுதலாக இருக்கும். கண்காட்சியில் நிற்கும் கார் உழைப்பின் கடைசிப் பக்கம். அதற்கு முந்தைய பக்கங்களில் துரு அறுத்ததும், தளம் மாற்றியதும், கதவு இடுக்கைச் சரிபார்த்ததும்தான் நிறைந்திருக்கும். அவற்றை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

என்ஜின் மாற்றத்தை முதல் பாடமாக எடுக்கவே கூடாது என்கிறேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, உடல் தாங்காது. தொடக்கக் கால மோரிஸ் மைனரின் என்ஜின் 918 சிசி, திறன் முப்பது குதிரைக்கும் குறைவு. உடலின் ஒவ்வொரு மடிப்பும் அந்தச் சுமையைக் கணக்கிட்டே போடப்பட்டது. அதன்மேல் அறுபது எழுபது ஆண்டு மழை பெய்திருக்கிறது. டாட்சனின் 1171 சிசி என்ஜின் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். உளுத்த தளத்தில் அதை உட்கார்த்தினால் முதலில் கதவு சரியாக மூடாது, பிறகு கண்ணாடி விரியும், அதன்பின் வில்லைத் தாங்கும் இடமே கிழியும்.

இரண்டாவது, பிரேக். ஆரம்ப கால மைனர்களில் இருப்பது ஏழு அங்குல டிரம். போருக்குப் பின் வந்த பழைய பிரிஃபெக்டில் பிரேக்கை இழுப்பது கம்பிதான், எண்ணெய் அழுத்தம் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் நின்ற கார் 120இல் அதே டிரம்மை நம்பி வந்தால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் என்ன நடக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. என்ஜினுக்குப் பணம் சேர்க்கும் பிள்ளையிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, நிப்பாட்ட எவ்வளவு சேத்து வச்சிருக்கே?" பெரும்பாலும் பதில் வராது.

மூன்றாவது, சட்டம். என்ஜினை மாற்றினால் புஸ்பாகோம் போன்ற நிலையத்தின் வாகனப் பரிசோதனை வேண்டும், ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், புதிய என்ஜின் எண் பதிவேட்டில் ஏறவேண்டும். உடலையோ சேசிஸையோ வெட்டி மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். இவை இல்லாமல் சாலையில் இறங்கினால் சம்மன் மட்டும் வராது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். கூரையை வெட்டிய காருக்கு அனுமதி கிடைப்பது எளிதல்ல. அமெரிக்க வீடியோவில் இந்த வரிசைகளைக் காட்டமாட்டார்கள்.

நான்காவது, அதில் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் என்ஜினும் கியர்பாக்ஸும் வயரும் சேர்ந்தே கிடைக்கின்றன. மவுண்டிங் வெல்ட் செய்து, ஷாஃப்டைக் குறைத்து, ரேடியேட்டரை மாற்றினால் கார் ஓடிவிடும். வாங்கிய பொருளைப் பொருத்திய திறமைதான் அது. அடுத்த வாடிக்கையாளர் வேறொரு காரோடு வந்தால் மீண்டும் வீடியோவைத் தேடவேண்டும்.

ஐந்தாவது, அழித்ததைத் திரும்பப் பெறமுடியாது. அசல் முன் தடுப்புச் சுவரை அறுத்துவிட்டால், அசல் என்ஜினைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டால், அந்தக் கார் ஒருபோதும் பழைய நிலைக்குத் திரும்பாது. 1950களின் கார்களை இனி யாரும் செய்யப்போவதில்லை. நம் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயன்கள் இடிந்தன, பலர் டவுனுக்குப் பெயர்ந்தார்கள். அந்த வாழ்க்கையின் நினைவாக மிஞ்சியிருக்கும் பொருள்களில் இந்தக் கார்களும் உண்டு. மூன்று மாத ஆசைக்காக ஒன்றை வெட்டி, பாதியில் விட்டு, தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடிக்க விடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அப்படி நிற்கும் கார்கள் நம் வட்டாரத்தில் ஒன்றிரண்டு அல்ல.

ஆறாவது, நாளைய பிழைப்பு. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. என்ஜினைத் திறந்து பார்க்கும் வேலை அடுத்த இருபது ஆண்டுகளில் குறையத்தான் செய்யும். மின்சாரக் காரும் தூணில் மோதும், அதன் கதவும் நசுங்கும். உடலைச் சரிசெய்யும் கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு என்ஜின் மாற்றித்தான் ஆவேன் என்றால், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் வரிசை மாறக்கூடாது. உடல், சேசிஸ், பிரேக், ஸ்டியரிங், அனுமதிக் கடிதம், அதற்குப் பிறகு என்ஜின்.

தகரம் கற்றுத்தருவது

நாக்கிங் கடையில் நின்றுதான் நான் தொழில் படித்தேன். ஹாட் ராட் கட்டுவதில் பெரும்பங்கு தகர வேலை என்று உறுதியாகச் சொல்கிறேன். கூரை தாழ்த்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு மேல்பாதியை இறக்கினால் தூண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. தூண்கள் மேலே போகப்போக உள்சாய்வதால், மேல்பாதி கீழ்ப்பாதியைவிடக் குறுகலாக இருக்கும். கூரையை நாலாக வெட்டி, இடையில் தகரம் சேர்த்து விரிக்கவேண்டும். கண்ணாடியும் பொருந்தவேண்டும். தட்டைக் கண்ணாடி என்றால் புதிதாக வெட்டிக்கொள்ளலாம், 1956க்குப் பின் வந்த மைனரின் வளைந்த முன்கண்ணாடிக்கு அது முடியாது. இதெல்லாம் வீடியோவில் பத்து விநாடி, பட்டறையில் பல மாதம்.

வெல்டிங்கிலும் அப்படித்தான். ஒரு மீட்டர் நீள இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். வெல்ட் செய்யும் இடமோ 1,500 டிகிரியில் உருகுகிறது. சூடான இடம் விரிய இடமில்லாமல் புடைக்கும், ஆறும்போது சுருங்கிச் சுற்றியுள்ள தகரத்தையும் இழுக்கும். அவசரக்காரன் ஒரே மூச்சில் கோடு இழுத்து வெல்ட் செய்தால் கதவு அலையலையாகிவிடும். தெரிந்தவர் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, அடியில் இரும்புக் கட்டை கொடுத்து மேலே சுத்தியலால் தட்டித் தளர்த்திக்கொண்டே போவார். பழைய கார்களின் தகரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். இன்றைய தகரத்தைவிடக் கனமானதால் தட்டலைத் தாங்கும், கற்கிறவரின் தவறுகளையும் ஓரளவு பொறுக்கும்.

பட்டி அப்பி மூடுவது வேறு, தகரத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது வேறு. நம் மழையில் பட்டிக்குக் கீழே ஈரம் புகுந்தால் இரண்டு மூன்று ஆண்டில் சாயம் கொப்பளிக்கும். அந்த வேலையைச் செய்தது யார் என்று ஊர் மறக்காது. பழைய கார்களில் பள்ளத்தை நிரப்ப ஈயம் பயன்படுத்தியிருப்பார்கள். அதைக் கிரைண்டரால் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும், கையரத்தால் மெல்ல எடுக்கவேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

அசல் வடிவம் எப்படி இருக்கவேண்டும் என்று கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். இந்தியாவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மட்கார்டின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காரின் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிவதைப் படம் கற்பிக்காது.

உங்கள் கையைச் சோதித்துப் பாருங்கள்

விண்ணப்பப் பாரம் நிரப்புவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு மட்கார்டை வாங்கி நடுவில் ஒரு பள்ளம் விழ அடியுங்கள். பட்டி இல்லாமல், சுத்தியலும் கட்டையும் மட்டும் வைத்து அதை மீட்கப் பாருங்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரிகிறதா? இரண்டு மணி நேரம் ஆனபின்னும் விட மனமில்லாமல் அதோடு மல்லுக்கட்டுகிறீர்களா? அப்படியானால் நாக்கிங் உங்களுக்கு வரும். சலிப்பு வந்து, வயர் எப்படி ஓடுகிறது என்று மனம் அலைந்தால் வயரிங் பக்கம் போங்கள். எதுவும் ஈர்க்காமல் கார் ஓட்டத்தான் பிடிக்கிறது என்றால், அதிலும் தவறில்லை. வேறு தொழில் செய்து சம்பாதித்து நல்ல கார் வாங்கி ஓட்டுங்கள்.

எங்கே படிப்பது

எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்குமேல் டிகேஎம், டிஎல்கேஎம் எனும் டிப்ளோமா நிலைகள் உண்டு. டிப்ளோமா வேண்டும் என்கிற அம்மாக்களுக்கு இது நல்ல செய்தி: சுத்தியல் பிடித்துத் தொடங்கியும் அங்கே போய்ச் சேரலாம். தொழிற்கல்லூரி, கூலிம் பாலிடெக்னிக் எல்லாம் நீங்கள் அறிந்தவை. 2005இல் தொடங்கிய எஸ்எல்டிஎன் இரட்டைப் பயிற்சி முறையைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கிறது. பல ஆண்டு கடையில் நின்று கற்றும் சான்றிதழ் இல்லாதவர்கள், அனுபவத்தைக் காட்டி அங்கீகாரம் பெறவும் வழி உண்டு. எந்த நிலையத்தில் சேர்ந்தாலும் உடல் பழுதுபார்ப்புப் பாடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். நிறையப் பேர் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, சேர்ந்த பிறகுதான் பாடத்திட்டத்தைப் பார்க்கிறார்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோரே, கையில் கரி படிவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். நம் தாத்தா பாட்டி விடியுமுன் ரப்பர் மரத்துக்குப் போய் உளி பிடித்தவர்கள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவி எடுத்தது சின்ன வித்தையில்லை. அந்தக் கையின் நுணுக்கம் உங்கள் பிள்ளையிடமும் இருக்கலாம். அதற்கு வேலை கொடுங்கள். பிள்ளைக்கு நாட்டம் இல்லாத டிப்ளோமாவில் போட்டு மூன்று ஆண்டைக் கரைப்பதைவிட, நாட்டமுள்ள தொழிலில் மூன்று ஆண்டு நிற்கவைப்பது மேல்.

தம்பி தங்கைகளே, திறமை சீக்கிரம் வராது. முதல் ஆண்டு பெருக்குவீர்கள், துரு தேய்ப்பீர்கள், தவ்கேயிடம் திட்டு வாங்குவீர்கள். இரண்டாம் ஆண்டில் சுத்தியலின் எடை கைக்குப் புரியும். மூன்றாம் ஆண்டில் தகரம் எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று முன்கூட்டியே தெரியும். இடையில் விட்டவர்களுக்கு இது எதுவும் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வேகமாகச் சம்பாதிப்பதைப் பார்த்து மனம் அலையவேண்டாம். அவன் வேகம் அவனுக்கு, உங்கள் ஆழம் உங்களுக்கு.

இப்போதே செய்யவேண்டியது ஒன்று. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நாக்கிங் கடைக்குப் போய், சம்பளம் கேட்காமல் ஒரு மாதம் நிற்க அனுமதி கேளுங்கள். ஒரு மாதம் கழித்தும் காலையில் எழுந்ததும் அங்கே போகத் தோன்றினால், பாரத்தை நிரப்புங்கள். கூரை வெட்டிய ஃபோர்டை உங்கள் கையாலேயே கட்டும் நாள் வரும்.